கணக்கு நோட்டும் வலைப்பந்தும்

(உத்திரமேரூரில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வாசலிலேயே இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆஸ்திரேலியாவில் பொம்பளைப் பிள்ளைகள் ஆடுகிற ஒரு விளையாட்டு, அதில் ஒரு கிளப்பு, அதன் கதை. இதைக் கேட்டு உத்திரமேரூருக்கு என்ன ஆகப்போகிறது டீச்சர்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியாவுக்குப் போவதற்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது.

2019ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்தில், வலைப்பந்து உலகக் கோப்பை நடந்தது. 16 நாடுகள். அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் அதிக கோல் போட்டவர் யார் என்று பார்த்தால், பட்டியலின் தலையில் இருப்பது ஒரு தமிழ்ப் பெயர்: தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவனை ஒட்டிய ஈவினைக் கிராமத்துப் பெண். உயரம் 208 சென்டிமீட்டர். நம்ம கணக்கில் ஆறடி பத்து அங்குலம். இந்த மண்டபத்து வாசலில் அவர் குனிந்துதான் வர வேண்டும். சிங்கப்பூருக்கு எதிராக இலங்கை 88-50 என்று ஜெயித்த ஆட்டத்தில், அந்த 88 கோலில் 76 அவர் கையால் விழுந்தது.

சரி, உலகத்திலேயே அதிக கோல் போட்டவர் இருந்த அணி எத்தனையாவது இடம் பிடித்தது? 16 நாடுகளில் 15ஆவது. கோப்பை நியூசிலாந்துக்குப் போனது. இறுதி ஆட்டத்தில் அவர்கள் ஆஸ்திரேலியாவை 52-51 என்று ஒரே ஒரு கோலில் தோற்கடித்தார்கள். முதல் இடத்துக்காக ஒரு கோல் வித்தியாசத்தில் முட்டிக்கொள்கிற இரண்டு நாடுகளின் அணிகளிலும் தர்ஜினி உயரத்துக்கு ஒரு பெண் கிடையாது. அவர்களிடம் இருப்பது வேறொன்று. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

விளையாட்டே தெரியாமல் கதை கேட்க முடியாது. நம்ம ஊர்ப் பள்ளிகளில் இதை நெட்பால் என்பார்கள், இலங்கையில் வலைப்பந்தாட்டம். பார்த்த மாத்திரத்தில் கூடைப்பந்து மாதிரி இருக்கும். கம்பம் அதே பத்தடி உயரம்தான், ஆனால் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. எறிந்த பந்து பலகையில் பட்டு விழும் என்ற அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கையில் வாங்கினால் மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். மறிக்கிறவள் தொண்ணூறு சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மேலே கை வைத்தால் தவறு. அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருத்தியின் சட்டைக்கு மேலும் ஒரு துணிப் பட்டை. அதில் அவள் யார் என்பதற்கு இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்துதான் அவள் நிற்கக்கூடிய எல்லை. சென்டர் என்று எழுதியவள் ஆடுகளம் பூராவும் சுற்றலாம், ஆனால் கோல் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கோல் போடும் உரிமை இரண்டே பேருக்கு. அவர்கள் தங்கள் பக்கத்தை விட்டு மறுகோடிக்குப் போய்த் தடுக்க முடியாது.

தர்ஜினி ஆடுவதைப் படக்காட்சியில் பாருங்கள். வளையத்துக்குக் கீழே நின்று ஒரு கையை மேலே தூக்குவார். பந்து உயரமாக வரும். எதிரணிப் பெண் எகிறிக் குதித்தாலும் அவர் மணிக்கட்டைத் தாண்ட முடியாது. இரண்டு கையால் வாங்கி, தோளைத் திருப்பி, அவசரமே இல்லாமல் வளையத்தில் விடுவார். பந்து வந்து சேர்ந்தால் கோல் நிச்சயம். வந்து சேர்ந்தால். அந்தப் பந்து நூறடி நீளத்துக்கு ஆறு பேர் கை மாறி வர வேண்டும். எதிரணி புத்திசாலியாக இருந்தால் தர்ஜினியைத் தொடவே தொடாது. பந்தை அனுப்புகிற நடுக்களத்துப் பெண்களை மூச்சு முட்ட வைத்துவிடும். ஒருத்தியே எல்லாம் செய்துவிட முடியாதபடி விதியையே எழுதி வைத்திருக்கிற விளையாட்டு இது.

அந்த தர்ஜினி ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மெல்பர்ன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் என்ற கிளப்புக்காக விக்டோரியா மாநில லீகில் ஆடினார். தேசிய அளவுப் பெரிய லீகுக்குக் கீழே உள்ள மாநில லீக் அது. அப்போது அந்த லீகின் கிளப்புகள் ஒவ்வொன்றிலும் மூன்று அணிகள் இருந்தன: மேல்மட்ட அணி, இரண்டாம் அணி, 19 வயதுக்கு உட்பட்ட பெண்கள். வார நடுவில், பார்க்வில் என்ற இடத்தில் வலைப்பந்துக்கும் ஹாக்கிக்கும் என்றே கட்டிய மாநில அரங்கில், ராத்திரி நேரத்தில் ஆட்டம். பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு வருகிற பெண்கள் ஆடுகிறார்கள். உலகக் கோப்பையில் முதல் கோல்காரி ஆகப்போகிற ஒருவர் ஆட வேண்டிய தரம், அங்கே ஒரு மாநில லீகிலேயே கிடைக்கிறது. இந்த ஒரு செய்தி போதும் எனக்கு. ஒரு மாநில லீக் எப்படி இவ்வளவு கெட்டியானது?

கொஞ்சம் பின்னால் போகலாம். 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். சில வருடத்துக்குள் அது இங்கிலாந்துக்குப் போனது. அங்கே மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு அம்மையார் பெண்களுக்கென்று ஓர் உடற்கல்விக் கல்லூரி நடத்தினார். அந்தக் கல்லூரியில்தான் கூடைப்பந்து உருமாறியது. கூடைக்குப் பதிலாக வளையம் வந்தது, ஆடுகளம் மூன்றாகப் பிரிந்தது, தட்டிக்கொண்டு ஓடுவது போனது. 1901இல் விதிப் புத்தகம் அச்சாகிவிட்டது. அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாகப் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் போனார்கள். விளையாட்டும் கூடவே போனது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, இலங்கை.

நமக்கு மட்டும் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்திருக்கிறது. எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்: தமிழ்நாட்டுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுக்க வந்தவர் இங்கிலாந்துக்காரர் அல்ல, அமெரிக்கர். ஹாரி குரோ பக். நெய்ஸ்மித்தின் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்லாம் அந்தக் கல்லூரி வழி வந்தவர்கள். அதனால் இங்கே பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கிடைத்தது, எறிபந்து கிடைத்தது. நம்ம பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு எறிபந்து ஆடாத பெண் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார்.

இந்தியாவில் வலைப்பந்து இல்லாமலில்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தியாகராஜ் அரங்கத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து கூடுதல் நேரத்துக்கு மேல் கூடுதல் நேரம் ஆடி ஆஸ்திரேலியாவை 66-64 என்று வென்றது. இந்திய அணியும் கலந்துகொண்டது, பதக்கம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைய கேப்டன் பிராச்சி தெஹ்லான் பிறகு சினிமாவுக்குப் போய்விட்டார். மம்மூட்டியோடு 'மாமாங்கம்' படத்தில் நடித்தாரே, அவர்தான். கேப்டனாக இருந்தபோது அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர், படம் வந்தபின் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு வருகிறேன். 1927இல் அங்கே அகில ஆஸ்திரேலியப் பெண்கள் கூடைப்பந்துச் சங்கம் அமைந்துவிட்டது. 1970 வரை அந்த நாட்டில் இந்த விளையாட்டைப் பெண்கள் கூடைப்பந்து என்றுதான் அழைத்தார்கள். ஒரு மாநிலத்தில் ஒன்பது பேர் ஆடுவார்கள், இன்னொன்றில் ஏழு பேர். விதியை ஒன்றாக்க 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடினார்கள். எங்கே கூடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? இலங்கையில். மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி, முதல் கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு. இன்றைய தேதிக்கு அவர்களிடம் 12 உலகக் கோப்பைகள் இருக்கின்றன.

அந்த 1963 அணியின் கேப்டன் ஜாய்ஸ் பிரவுன், விக்டோரியாக்காரர். ஆடி முடித்ததும் அவர் வீட்டுக்குள் போய் உட்காரவில்லை. பயிற்சியாளர் ஆனார். 1975, 1983, 1991 என்று மூன்று உலகக் கோப்பைகள் அவர் பயிற்சியில் வந்தவை. முதல் கோப்பைக்கும் கடைசிக் கோப்பைக்கும் இடையில் 28 வருடம். நம்மில் ஒரு பெண் மாவட்ட அளவில் ஆடிவிட்டு 28 வருடம் கழித்தும் அதே மைதானத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறோமா? என்னைப் போல் சம்பளத்துக்கு இருப்பவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகரத்தை விடுங்கள். எனக்கு மெல்பர்னைவிட விக்டோரியாவின் கிராமங்கள்தான் ஆச்சரியம். அங்கே சிற்றூருக்குச் சிற்றூர் ஒரு கிளப் உண்டு. அதன் பெயரே கால்பந்து-வலைப்பந்து கிளப். கால்பந்து என்றால் நாம் ஆடுவது இல்லை, முட்டை வடிவப் பந்தை வைத்து ஆஸ்திரேலியர்கள் ஆடுகிற அவர்கள் சொந்த விளையாட்டு. சனிக்கிழமை ஆண்கள் பெரிய மைதானத்தில் ஆடுவார்கள், அதை ஒட்டியே சிமென்ட் தரையில் பெண்கள் வலைப்பந்து ஆடுவார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊருக்கு இரண்டு அணியும் போகும். ஆட்டம் முடிந்த பெண் சட்டையை மாற்றிக்கொண்டு கேன்டீனில் நிற்பாள். போன தலைமுறையில் ஆடியவள் விசில் ஊதுவாள். அதற்கும் முந்தைய தலைமுறைக்காரி ஸ்கோர் எழுதுவாள். கோதுமையும் பாலும் விளைகிற அந்த ஊர்களில் பால் மாட்டை விட்டுவிட்டு ஒரு பெண் வெளியே வருவது எவ்வளவு சிரமம் என்பது மாடு வைத்திருக்கிற உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை வருவதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது: நான் ஆடப் போகிறேன். வேறு சாக்குத் தேவையில்லை.

அப்படி ஒரு விவசாயச் சிற்றூர் பமாம். எச்சூகா என்ற ஊருக்குப் பக்கம். நம் பக்கத்துக் குக்கிராமம் அளவுதான். அங்கே வளர்ந்தவர் ஷரேல் மக்மேன். 1999இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்கோர் சமம். கடைசிப் பந்தை வளையத்தில் போட்டு 42-41 என்று முடித்தவர் அந்தக் கிராமத்துப் பெண். அவருக்குப் பின்னால் ஒரு ஊர் கிளப், அதற்கு மேலே வட்டாரச் சங்கம், அதற்கு மேலே மாநிலம், அதற்கும் மேலே நாடு. ஏணி மாதிரி படிகள் வரிசையாக இருந்தன. ஏற வேண்டியதுதான் அவர் வேலை. படியையும் தானே செய்துகொண்டு ஏற வேண்டிய கட்டாயம் இல்லை.

பணம் மேலிருந்து கொட்டினால் மட்டும் கிளப் நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017இல் சூப்பர் நெட்பால் என்று பெரிய லீக் தொடங்கியபோது மெல்பர்னின் புகழ்பெற்ற கால்பந்து நிறுவனமான காலிங்வுட் ஒரு வலைப்பந்து அணியை இறக்கியது. விளம்பரம், தொலைக்காட்சி எல்லாம் தடபுடலாக இருந்தது. 2023இல் கட்டுப்படியாகவில்லை என்று கடையை மூடிவிட்டார்கள். ஏழு வருடம். அதே மாநிலத்தில் ஊர்ப் பெண்கள் டீ விற்றும் கேக் விற்றும் நடத்துகிற கிளப்புகள் மூன்று தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதற்காக அந்த ஊர்க் கிளப்புகள் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண்களில் நாட்டு அணிக்கு ஆடிய முதல் பெண் மார்சியா எல்லா, 1986இல். அடுத்தவர் ஷரன் ஃபினன். மூன்றாவது பெண் டானெல் வாலம் வந்தது 2022இல். நடுவில் இருபது வருடத்துக்கு மேல் ஒருவரும் இல்லை. பூர்வகுடிச் சிறுமிகள் ஊர் ஊராக ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள், மேல்படியில் காணோம். வாலம் அணிக்குள் வந்த நேரத்தில் இன்னொரு பிரச்சினை வெடித்தது. அணிக்கு 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட சுரங்க நிறுவனத்தின் நிறுவனர், அந்தக் காலத்தில் பூர்வகுடிகளைப் பற்றி மிக மோசமாகப் பேசியவர். அந்த நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் போட வாலம் தயங்கினார், சக வீராங்கனைகள் அவரோடு நின்றார்கள். நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது. பிறகு விக்டோரியா அரசின் சுற்றுலா அமைப்பு அந்த இடத்துக்கு வந்தது. பத்துப் பதினொரு பேர் சேர்ந்து நடத்துகிற சங்கத்தில் ஒருத்திக்காக மற்றவர்கள் நிற்பது தானாக நடப்பதில்லை. பழகினால்தான் வரும்.

கதவைப் பற்றிப் பேசினால் உத்திரமேரூர்க்காரர்கள் நாம் கொஞ்சம் அடக்கமாகப் பேச வேண்டும். நம்ம வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும், பாடப் புத்தகத்தில் வருகிறது, தலைவர்கள் வந்தால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். முப்பது குடும்பு, பெயர் எழுதிய ஓலை, குடத்தில் கைவிட்டு எடுக்கும் சிறுவன் என்று எல்லாம் சொல்கிறோம். அந்தச் சபை பிராமணர் ஊரின் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள்ளான ஆண்களுக்கு மட்டும் இடம். பெண் கிடையாது, உழுதவன் கிடையாது. ஆனால் அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு, அதை மேடையில் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் குழு போட்டார்கள். 360 நாள்தான் பதவி. முந்தைய மூன்று வருடத்துக்குள் இருந்தவர் திரும்ப வரக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வரக் கூடாது. அவர் மட்டுமா, அவருடைய சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமன், மாமனார், மருமகன் என்று உறவுமுறையே வரக் கூடாது. ஊர் ஏரியைத் தூர் வாருவதற்கு எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மண்வெட்டியைவிடக் கணக்கு முக்கியம்.

நம்ம ஊர் விளையாட்டுச் சங்கங்கள் எங்கே விழுகின்றன? நான் பார்த்தவரை சொல்கிறேன். பொங்கலுக்கு ஒரு இளைஞர் மன்றம் கபடிப் போட்டி நடத்தும். கப்பு, பேனர், ஒலிபெருக்கி எல்லாம் அமர்க்களப்படும். அடுத்த பொங்கலுக்கு மன்றம் இரண்டாகியிருக்கும். காரணம் கேட்டால் கட்சி என்பார்கள், ஜாதி என்பார்கள். தோண்டிப் பார்த்தால் போன வருட வசூலுக்குக் கணக்கு வரவில்லை என்பதில் போய் நிற்கும். கணக்கில் விரிசல் விட்ட இடத்தில்தான் மற்றது எல்லாம் முளைக்கும். அப்புறம், மன்றத்தில் எத்தனை பெண்கள்? கோலப் போட்டி நடத்துவதற்கு மட்டும் கூப்பிடுவார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் அது பள்ளிக்கூடத்தோடு சரி. எட்டாவதில் கால் தரையில் படாமல் ஓடுகிறவள், பத்தாவதில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டதும் நிற்கிறாள். பன்னிரண்டாவதில் மாவட்ட அளவுக்குப் போனவள் ஒருத்தி இருந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள். தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் அணிகள் இருக்கின்றன. தப்பே இல்லை. கும்பிட வேண்டிய ஏற்பாடு. எத்தனையோ ஏழை வீட்டுப் பெண்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. இலங்கையிலும் இதே வழிதான். அங்கே வங்கிகளும் கம்பெனிகளும் அணி வைத்திருக்கின்றன, தர்ஜினியே ஒரு வங்கி அணிக்கு ஆடியவர். ஆனால் ஒரு கஷ்டம் உண்டு. வேலைக்காக ஆடுகிறவள் வேலை கிடைத்ததும் நின்றுவிடுகிறாள். வேலை கிடைக்காதவள் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறாள். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆடுவதற்கு ஓர் இடம் இல்லை. கெட்டிக்காரிக்கு மட்டுமே விளையாட்டு என்று ஆகிவிட்டது. சுமாராக ஆடுகிறவள் எங்கே போவாள்? ஆஸ்திரேலிய ஊர்க் கிளப்பில் பத்துக்கு எட்டுப் பேர் சுமாராக ஆடுகிறவர்கள்தான். அவர்கள்தான் சந்தா கட்டுகிறார்கள், விசில் ஊதுகிறார்கள், பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள்.

நம் பக்கத்தில் முன்மாதிரியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மக்கள். அந்தக் குடியிருப்பில் கிடைத்த இடத்தில் கபடி பழகிய கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வாங்கி வந்தார். பத்திரிகைகள் அவர் வறுமையை எழுதின. எனக்கு அதைவிட, தினம் சாயங்காலம் பெண் பிள்ளைகள் கூடுவதற்கு அங்கே ஒரு இடமும், அவர்களை விடாமல் சேர்த்து வைக்க ஒரு பயிற்சியாளரும் இருந்ததுதான் பெரிய செய்தி.

தர்ஜினிக்கும் ஒரு நல்ல முடிவு வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவரை 15ஆவது இடத்திலேயே விட்டுவிட்ட பாவம் எனக்கு. 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரை 69-50 என்று வீழ்த்தி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு கோப்பையை எடுத்தது. அந்த அணியில் தர்ஜினியோடு இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார், எழிலேந்தினி சேதுகாவலர். 2022இல் மறுபடியும் இலங்கைக்கே கோப்பை. ஆசியாவில் அதிக முறை, ஆறு முறை வென்ற நாடு அதுதான். போரில் மைதானமெல்லாம் பாழான பூமியிலிருந்து வந்த பெண், சிங்களப் பெண்களோடு தோள் சேர்ந்து நின்று ஆசியக் கோப்பையைத் தூக்கினார். 2024இல் இந்தப் போட்டி நம்ம பெங்களூருக்கே வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து பகல் பஸ்ஸில் போகிற தூரம். இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் 67-64 என்று இலங்கையிடமிருந்து கோப்பையைப் பறித்தது. நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, உத்திரமேரூரில் ஒரு கிளப் நடத்தப் பெண்களுக்குத் தெரியுமா? நான் சொல்கிறேன், அவர்கள் ஏற்கனவே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழு என்று அதற்குப் பெயர். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது, இன்றைக்கு இந்த ஒன்றியத்தில் குழு இல்லாத ஊர் இல்லை. ஒரு குழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். பாயை விரித்து வட்டமாக உட்காருவார்கள். வராதவளுக்கு அபராதம் உண்டு. தீர்மானப் புத்தகம் ஒன்று, சேமிப்புப் பதிவேடு ஒன்று, கடன் பதிவேடு ஒன்று. எழுதத் தெரிந்த ஒருத்தி எழுதுவாள், எழுதத் தெரியாதவள் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டலைச் சரிபார்ப்பாள். பத்து ரூபாய் இடித்தால் அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள். தலைவி மாறுவாள், கணக்கு மாறாது. வங்கி மேனேஜர் ஆம்பளைகளுக்குக் கையெழுத்துப் போட யோசிப்பார், இவர்களுக்குப் போட யோசிப்பதில்லை.

இந்தப் பெண்கள் கூடுவது கடனுக்காக. இவர்களுடைய மகள்கள் எறிபந்து ஆடுவது பள்ளிக்கூடத்தில். இந்த இரண்டும் இதுவரை ஒரே மைதானத்தில் சந்திக்கவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கிளப் நடத்தும் சாமர்த்தியம் அம்மாவிடம் இருக்கிறது, ஆடும் கால் மகளிடம் இருக்கிறது. அம்மாவுக்கும் கால் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் இங்கிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகின்றன, இருட்டின பிறகு இறக்கிவிடுகின்றன. தறி வீட்டுப் பெண்களுக்குப் பாவு ஓடுகிற நாளில் தலை நிமிர நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே போதாது. உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் கிரிக்கெட் ஆட ஏரி உள்வாயில் இடமும் நேரமும் கிடைக்கிறது. அதே வீட்டில் அதே துணிதான் இருக்கிறது. இதற்கு மேல் நான் சொன்னால் வீட்டுச் சண்டை ஆகும்.

எந்த விளையாட்டு என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வலைப்பந்தே வேண்டுமென்பதில்லை, எறிபந்து நமக்குத் தெரியும், வளையப்பந்து தெரியும், கபடி ரத்தத்தில் இருக்கிறது. வலைப்பந்துக்கு ஒரு வசதி, பலகை வேண்டாம், இரண்டு கம்பமும் இரண்டு வளையமும் போதும். வெல்டிங் பட்டறையில் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடுவார்கள். ஏழு எழுத்துத் துணிப் பட்டையை நம்ம தையல் மெஷின்காரப் பெண்கள் தைத்துவிடுவார்கள்.

சங்கத்தைப் பதிவு செய்வதற்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கிறது. அதன்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. வருடம் ஒரு முறை பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக அந்த மேஜையில் நோட்டு வைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் எழுதலாம். முதல் பக்கம் உறுப்பினர் பெயருக்கு, இரண்டாம் பக்கத்திலிருந்து கணக்குக்கு. பொருளாளர் யார் என்பதை மட்டும் தலைவர் அய்யா தீர்மானிக்க வேண்டாம், அதைப் பெண்களே பேசிக்கொள்வோம். கேள்வி இருந்தால் கேளுங்கள், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.